ஜப்பான் சாமிக்குக் கட்டிய கழுத்துத் துணி

புறப்படுவதற்கு முதல் நாள், என் கணவருக்கு நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பிள்ளை எத்தனை மணிக்கு எழும்புவாள், எழும்பியதும் எதைக் கேட்பாள், அதைக் கொடுக்காவிட்டால் என்ன செய்வாள், பால்மா எத்தனை கரண்டி, எந்தக் கரண்டி, ஒரு தரம் தும்மினால் எந்தச் சட்டை, இரண்டு தரம் தும்மினால் எந்தச் சட்டை. காய்ச்சலுக்குத் தனிப் பக்கம். அதைச் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் அம்புக்குறிகள் போட்ட ஒரு படமும் வரைந்திருந்தேன்.

என் கணவர் அதன் முன்னால் நின்று பொறுமையாக முழுவதையும் வாசித்தார்.

"இதுல நான் எங்க வர்றேன்?" என்றார்.

"மூணாம் பக்கம்."

பிள்ளைக்கு அப்போது மூன்று வயதாக இரண்டு மாதம் இருந்தது. அவளைப் பிரிந்து நான் ஓர் இரவுகூட இருந்ததில்லை. பதினொரு நாள் ஜப்பானுக்குப் போகிறேன் என்பது எனக்கே வேறு யாரோ செய்கிற காரியம் போலத்தான் இருந்தது.

நாங்கள் மூன்று பேர். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் உயர்தர வகுப்பு ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தி அதே ஊரில் வங்கியில் வேலை செய்கிறாள். ஒருத்தி நான்கு வருடமாக ஜப்பானில், முதியோரைப் பராமரிக்கும் இல்லமொன்றில் இருக்கிறாள். அவளை நாங்கள் ஜப்பான்காரி என்றுதான் கூப்பிடுவது. நான் ஹட்டனில் இருந்துகொண்டு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. "ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து ஜப்பான் சுத்தணும்" என்று வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தோம். நடக்காத காரியம் என்ற தைரியத்தில் எல்லாரையும் விட அதிகமாகப் பேசியது நான். கடைசியில் ஜப்பான்காரிக்கு ஆகஸ்டில் லீவு கிடைத்தது. எனக்குப் பாடசாலை விடுமுறை. வங்கிக்காரி மேலாளரிடம் எப்படியோ பேசி லீவு வாங்கிவிட்டாள். எனக்கு மிச்சமிருந்தது விசா மறுக்கப்படும் என்ற நம்பிக்கை மட்டும்தான். வங்கிக்காரிக்கு வருவதற்கு முன்னாலேயே எனக்கு விசா வந்தது.

"போயிட்டு வாம்மா, பிள்ளைய நாங்க பாத்துக்குறோம்" என்றார் அத்தை, கணவரின் அம்மா. அந்த வார்த்தைகளில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் அதில் குறை தேடினேன்.

வெளிநாடு என்றால் குளிர் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகஸ்டில் எங்கள் வீட்டில் பகலிலும் ஸ்வெட்டர் போட்டுத்தான் இருப்போம். அதனால் பெட்டியில் மூன்று ஸ்வெட்டர் வைத்தேன். அவற்றுக்கு நடுவில் பிள்ளையின் கழுத்துத் துணி ஒன்றையும் வைத்தேன். சோறூட்டும்போது கட்டுகிற துணி. அவளுக்குக் காது குத்தியபோது எடுத்த சிவப்புச் சேலையின் ரவிக்கைத் துண்டில் மிஞ்சியதை வைத்து நானே தைத்தது. ஓரத்தில் மஞ்சள் நூலால் அவள் பெயரைப் போட்டிருந்தேன். துவைக்காமல்தான் எடுத்து வந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். தாய்மாருக்குத் தெரியும்.

ஜப்பானில் இறங்கியதும் வெந்நீர்ப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. பெட்டியில் மூன்று ஸ்வெட்டர் இருக்கிறது என்றதும் ஜப்பான்காரி சிரித்த சிரிப்பில், ரயில் மேடையில் வரிசையாக நின்றவர்கள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக மறுபடி முன்னால் பார்த்தார்கள். வரிசை என்றால் அப்படி ஒரு வரிசை. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

"வரிசைய விரட்டுற கணக்கப்பிள்ளை யாருடி? காணோமே" என்றாள் வங்கிக்காரி.

"இங்க எல்லாருமே கணக்கப்பிள்ளைதான். அதான் பிரச்சினை" என்றாள் ஜப்பான்காரி.

வடக்கே போனோம். வழியெல்லாம் வயல், மலை, சின்னச் சின்ன ஊர்கள். கோடையில் ஊருக்கு ஊர் திருவிழா. ஒரு நகரத்தில் ஆண்கள் நீண்ட மூங்கிலில் நாற்பது ஐம்பது காகித விளக்குகளைத் தொங்கவிட்டு, அதை நெற்றியில் நிறுத்தி நடந்தார்கள். விளக்குக்குள்ளே எரிந்தது நிசமான மெழுகுவர்த்தி. மூங்கில் வளைந்து எங்கள் பக்கம் சாயச் சாய, கூட்டம் கை தட்டியது. நான் மட்டும் அருகில் நின்ற யாரோ ஒருவரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக நின்றேன்.

மெசினில் போத்தலாக விழும் தேநீரைக் குடித்தோம். சீனி இல்லை, பால் இல்லை, சூடும் இல்லை.

"இதுக்காடி எங்கம்மா முப்பது வருசம் கொழுந்து பறிச்சாங்க" என்று வங்கிக்காரி மூடியைத் திருகி மூடினாள். பிறகு தாகம் தாங்காமல் அதையே குடித்தாள்.

இடையிடையே நான் வீட்டுக்குப் பேசினேன். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அந்தக் கணக்கு என் மண்டைக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப எழும்பியிருப்பா." "இப்ப பல்லு விளக்க மாட்டேன்னு அடம் பிடிப்பா." வங்கிக்காரி இதற்கு ஒரு பெயர் வைத்தாள்: பிள்ளை வானிலை அறிக்கை.

நாலாம் நாள் நாங்கள் தங்கிய விடுதி வாசலில் ஒரு சின்ன மேசை போட்டு, அதில் வெள்ளரிக்காய் ஒன்றுக்கு நான்கு குச்சி குத்திக் குதிரையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் கத்தரிக்காயில் ஒரு மாடு. இவ்வளவு அழகான விளையாட்டுச் சாமான் செய்ய எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தேன். படம் எடுத்து, "அம்மா பாப்பாவுக்கு ஒரு குதிரை பாத்தேன். நீ இதுல ஏறி வா" என்று குரல் பதிவோடு அனுப்பினேன். பிள்ளை போனுக்கு முத்தம் கொடுத்தாளாம். கணவர் அந்தக் குதிரையைத் தன் போனின் முகப்புப் படமாகவே வைத்துவிட்டார்.

படத்தை ஜப்பான்காரியிடம் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"டீச்சர், அது விளையாட்டுச் சாமான் இல்லடி. வர்ற கிழமை ஒபோன். செத்தவங்க வீட்டுக்கு வந்து போற நாள். அவங்க ஏறி வர்ற குதிரை அது. திரும்பிப் போறது மாட்டுல."

"நான் பிள்ளைய ஏறி வரச் சொன்னேனே."

"நீ சொன்னது தமிழ்ல. குதிரைக்கு வெளங்கியிருக்காது" என்றாள் வங்கிக்காரி.

நான் விஞ்ஞான ஆசிரியை. ஒரு வெள்ளரிக்காயும் நான்கு குச்சியும் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பிள்ளையை ஒன்றும் செய்யாது என்பதை எட்டாம் வகுப்புக்கு விளங்கப்படுத்த என்னால் முடியும். அப்படியிருந்தும் முகப்புப் படத்தை மாற்றச் சொல்லி அன்றைக்கு மூன்று தரம் கணவருக்கு எழுதினேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் இரவு, ஜப்பானில் பதினொரு மணி இருக்கும், அவரிடமிருந்து செய்தி வந்தது. "சின்னக் காய்ச்சல். பயப்படாதே."

உடனே அழைத்தேன்.

"எத்தனை இருக்கு?"

"தொட்டுப் பாத்தேன். சுடுது."

"தொட்டுப் பாக்கவா தெர்மாமீட்டர் வாங்கி வச்சிருக்கேன்? ரெண்டாம் பக்கத்தப் பாருங்க."

"பாத்தேன். தெர்மாமீட்டரால பாருங்கன்னு இருக்கு. தெர்மாமீட்டர் எங்க இருக்குன்னு இல்ல."

"அது நாலாம் பக்கம்."

முப்பத்தெட்டரை செல்சியஸ். மருந்து கொடுத்துவிட்டார்கள். நாளைக்கும் இருந்தால் வைத்தியரிடம் காட்டுவதாக அத்தை பின்னாலிருந்து சொன்னார். பிள்ளையின் குரல் கேட்கவில்லை. படுத்திருக்கிறாளாம். சாதாரணமாக இந்த நேரத்தில் அவள் படுக்கிறவள் இல்லை.

டிக்கெட்டை மாற்றிக்கொண்டு உடனே ஊருக்குப் போகிறேன் என்றேன். தோழிகள் இருவரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"பிள்ளைக்கு அப்பா இருக்காரு, அப்பத்தா இருக்காங்க, வீட்டுக்குக் கீழயே டொக்டர் இருக்காரு. நீ போய் என்ன பண்ணப்போற?" என்றாள் வங்கிக்காரி.

"பக்கத்துல இருப்பேன்."

"அதுக்கு நீ போய்ச் சேர்றதுக்குள்ள காய்ச்சல் போயிரும்."

நியாயமான பேச்சுத்தான். நியாயமான பேச்சால் எனக்கு ஒருநாளும் நித்திரை வந்ததில்லை.

காலையில் திட்டப்படி மலை மேலே வெந்நீர் ஊற்று இருக்கும் ஒரு கிராமத்துக்குப் போனோம். பஸ் ஒரு நாளைக்கு மூன்றே தரம். பாதை எங்கள் ஊர்க் கொத்மலை ரோடு மாதிரி வளைந்து வளைந்து ஏறியது. மேலே போகப் போகப் போனில் சிக்னல் போய்விட்டது. நாங்கள் புறப்படும்போது இலங்கையில் விடியற்காலை. வீட்டில் எல்லாரும் தூக்கம். ஆகக் கடைசியாக எனக்குத் தெரிந்தது முப்பத்தெட்டரை என்ற எண் மட்டும்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஊற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் தோழிகள் முன்னால் பேசிக்கொண்டு போனார்கள். பாதை திரும்பும் இடத்தில், பெரிய மரங்களுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் கல்சிலைகள் வரிசையாக நின்றன. பாசி படிந்த மொட்டைத் தலை. மூடிய கண். குழந்தை முகம். ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புத் துணி.

எங்கள் மலையில் வளைவுக்கு வளைவு ஒரு சாமி உண்டு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு சாமி, தொழிற்சாலைச் சக்கரத்தில் கை மாட்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு சாமி. ஒரு கல்லும் ஒரு சிவப்புத் துணியும் இருந்தால் எங்களுக்குப் போதும், பெயர்கூடக் கேட்க மாட்டோம். அப்படி வளர்ந்தவள் முன்னால், குழந்தை முகத்தோடு, கழுத்துத் துணி கட்டிய சாமி. அதுவும், காய்ச்சல் செய்தி வந்ததிலிருந்து என் பைக்குள்ளேயே வைத்திருந்த துணியின் அதே சிவப்பு. பிள்ளைகளைக் காக்கிற சாமியென்று கண்டுகொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

துணி பழசாகி வெளுத்துப்போயிருந்த ஒரு சாமியைத் தேர்ந்தெடுத்தேன். பிள்ளையின் கழுத்துத் துணியை அதன் கழுத்தில் கட்டினேன். பெயர் வெளியே தெரியும்படி இழுத்துவிட்டேன், யாருடைய பிள்ளை என்று குழப்பம் வரக்கூடாதே. மஞ்சள் துணி இல்லாததால் ஒரு நாணயத்தைக் கைக்குட்டை நுனியில் முடிந்து காலடியில் வைத்தேன். கண்ணை மூடினதும் வாய் தானாகப் பேசியது. அம்மனிடம் எல்லாரும் சொல்கிற, சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய அதே வரி: "இந்தக் காய்ச்சலை இறக்கிவிடு தாயே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து உன் வாசலிலேயே மொட்டை போடுறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் வாசல் எங்கே இருக்கிறது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் நெஞ்சு லேசாகிவிட்டது. வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துக்கொண்டு, பயணம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக எல்லாரும் சிரிக்க நான் ஒரு பகிடி சொன்னேனாம். வங்கிக்காரி சாட்சி.

பிற்பகல் பஸ்ஸில் பாதி மலை இறங்கியதும் போன் துடித்தது. கணவர் அனுப்பியிருந்தார். "காய்ச்சல் இல்லை. இட்லி ரெண்டு சாப்பிட்டாள். மூணாவதை என் மேல எறிந்தாள்."

இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போனைத் தோழிகளிடம் நீட்டினேன். பெருமை தாங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைச் சாமி, சிவப்புத் துணி, பெயர், வேண்டுதல்.

ஜப்பான்காரி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எந்தச் சாமிக்குடி கட்டுன?"

"வளைவுல வரிசையா நின்னாங்களே."

"அது ஜிசோ. பிள்ளை செத்துப்போனா, பிறக்காமலே போனா, அந்தத் தாய்மார்தான் துணி கட்டுவாங்க. அந்தப் பக்கம் பிள்ளைக்குத் துணை யாரும் இல்லைன்னு, இவரு பாத்துக்குவாருன்னு."

வங்கிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அதைப் பாதியில் விழுங்கினாள்.

"பேர் தச்ச துணியா?" என்று கேட்டாள்.

"பேர் தச்ச துணி."

பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டேயிருந்தது. நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். நிறுத்தினாலும் மேலே போக அன்றைக்கு வேறு பஸ் இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம், வாழ்க்கையில் எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித்தராத ஒரு கணக்கை மூன்று பேரும் சேர்ந்து போட்டோம். துணியை அவிழ்க்காமல் விட்டால் என் பிள்ளையின் பெயர் இறந்த பிள்ளைகளின் வரிசையில் நிற்கும். அவிழ்த்தால், காய்ச்சலை இறக்கின சாமியிடம் கொடுத்ததைத் திருப்பி வாங்கின மாதிரி ஆகும். வாங்கின பிறகு அவர் இறக்கினதைத் திரும்ப ஏற்றிவிட்டால்?

"அவரு ஜப்பான் சாமி. குடுத்ததத் திருப்பிக் கேட்டா ரசீதோட குடுப்பாரு" என்றாள் வங்கிக்காரி. ஆனால் அவள் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. அன்றைக்கு நான்கு மணி ரயிலைப் பிடித்தால்தான் ஆற்றங்கரை நகரத்தில் வாணவேடிக்கை பார்க்கலாம். அவள் இந்தப் பயணத்தில் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். ஜப்பான்காரி அனுப்பிய ஒரு வீடியோவை இரண்டு வருடமாகப் போனில் வைத்திருந்தாள்.

"நான் நாளைக்குக் காலைல பஸ்ல தனியாப் போயிட்டு வர்றேன். நீங்க போங்க" என்றேன்.

"தனியாவா? ரோட்டோரத்துல நிக்கிற சாமிக்கெல்லாம் மொட்டை போடுறேன்னு வாக்குக் குடுக்கிறவள நாங்க தனியா விடுறதா?" என்றாள் ஜப்பான்காரி.

வங்கிக்காரி ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல டீச்சர். நீ உயர்தரப் பரீட்சைக்கு விபூதி பூசாமப் போனவ. நான் பூசிக்கிட்டுப் போனதப் பாத்துச் சிரிச்சவ."

"அப்ப எனக்குப் பிள்ளை இல்ல."

அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். நான்கு மணி ரயில் நாங்கள் இல்லாமல் போனது. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நான்கு தடவை அழைத்தேன். பிள்ளை கழுத்துத் துணி இல்லாமல் சோறு சாப்பிட்டு, சட்டை முழுக்கப் பருப்பாக இருந்தாள். "கட்டிவிடுங்களேன்" என்றேன். "அந்தச் சிவப்பு ஒண்ணுதான் வேணுமாம். அதைத்தான் நீ கொண்டு போயிட்டியே" என்றார் கணவர். நான் போனைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முதல் பஸ்ஸில் மேலே போனோம். வங்கிக்காரி நிறுத்தத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீயே கட்டுன, நீயே அவுத்துட்டு வா. நான் சாமி பாவத்துல பங்குக்கு வரல."

ஜப்பான்காரி மெசினில் தண்ணீர் எடுக்க நின்றாள். நான் ஒற்றையடிப் பாதையில் வேகமாக நடந்தேன். யாரும் பார்ப்பதற்கு முன்னால் முடிச்சை அவிழ்த்து, மன்னிப்புக் கேட்டு, துணியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவது என் திட்டம். மன்னிப்பின் வாசகத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அங்கே ஒரு பெண் இருந்தாள்.

என் வயதுதான் இருக்கும். ஒபோனுக்கு முன்னால் துப்புரவு செய்ய வந்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு வாளி, கையில் தேய்க்கும் கட்டை. சிலைகளை ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் தேய்ப்போமே, அந்த மாதிரி. எங்கள் சாமியை ஏற்கெனவே குளிப்பாட்டி முடித்திருந்தாள். நான் எங்கள் பக்கத்து வழக்கப்படி இறுக்கிப் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, துணியை ஈரம் படாமல் மடித்துக் கல்லின் மேல் வைத்து, தலையெல்லாம் துடைத்துவிட்டு, திரும்பப் பூப்போல ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நானும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது தப்பு என்று சொல்ல என்னிடம் மொழி இல்லை.

அவள் எழுந்து ஆழமாகக் குனிந்தாள். நானும் குனிந்தேன். பாதையின் ஓரத்துக்கு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். சிலைக்கு முன்னால் நான் உட்கார்ந்தேன். வந்த காரியம் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இவள் கட்டின முடிச்சை இவள் கண்ணுக்கு முன்னாலேயே அவிழ்த்துப் பைக்குள் போடுவது எப்படி என்று என் திட்டத்தில் இல்லை.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையைத் தரையிலிருந்து உயர்த்தி என்னைப் பார்த்தாள். எவ்வளவு உயரம் என்று கேட்கிறாள். நான் என் பிள்ளையின் உயரத்தைக் காட்டினேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் தலையசைத்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினாள். உயரமே இல்லை. அந்தக் கைக்குள் அடங்குகிற அளவு.

அதன் பிறகு துணியின் ஓரத்திலிருந்த மஞ்சள் எழுத்துகளை அவள் ஒரு விரலால் தடவினாள். இது என்ன என்று கேட்கும் முகம். பெயர் என்று அவளுக்கே விளங்கியிருந்தது. எப்படிச் சொல்வது என்று கேட்கிறாள். சேர்ந்து கும்பிடப் போகிறாள்.

என் பிள்ளையின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த இடத்தில், அந்த வாயால், அந்தப் பெயர் சொல்லப்படக் கூடாது என்று என் உடம்பெல்லாம் சொன்னது. சும்மா இருக்கவும் முடியாது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளைக்குப் பெயர் வைத்தார்களோ என்னவோ.

நான் என் பெயரைச் சொன்னேன்.

அவளுக்கு அது கடினமான பெயர். மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தரம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. பிறகு கைகூப்பிக் கண்ணை மூடி, ஏதோ சொல்லி, நடுவில் என் பெயரையும் சொன்னாள். எனக்காக யாரும் இவ்வளவு கவனமாகக் கும்பிட்டதாக ஞாபகம் இல்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க யோசித்து வைத்த வாசகம் ஒன்றும் வரவில்லை. அந்த உள்ளங்கை அளவுப் பிள்ளையை நினைத்துக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது ஜப்பான்காரி தண்ணீர்ப் போத்தலோடு பாதையில் நின்றாள். அந்தப் பெண் அவளிடம் நான்கைந்து வார்த்தை பேசினாள். ஜப்பான்காரி என்னை ஒரு தரம் பார்த்தாள். ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் நேராக்க அவளால் முடியும். அவள் குனிந்து ஏதோ பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கேட்டேன்.

"என்ன சொன்னா?"

"இவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கீங்களே, இனி வர முடியாம இருக்கும், நான் பக்கத்து ஊர்தான், நானே பாத்துக்குறேன்னா. துணி பழசானா மாத்திக் கட்டுறாளாம்."

"நீ என்ன சொன்ன?"

"நன்றின்னேன். வேற என்ன சொல்ல?"

நிறுத்தத்தில் வங்கிக்காரி எங்கள் வெறுங்கையைப் பார்த்தாள். போனை நீட்டினாள். நேற்றிரவு விடுதியிலேயே தேடி எடுத்து வைத்தாளாம்.

"இதப் படிடி. உசுரோட இருக்குற பிள்ளைகளுக்கும் இந்தச் சாமிதான் காவலாம். காய்ச்சல் வந்தாலும் கட்டுவாங்களாம். அது போதாதுன்னு வழிப்போக்கருக்கும் காவலாம்."

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"உன்னால நான் வாணவேடிக்கையத் தொலைச்சவ. ஒரு ராத்திரியாவது உன்னக் கவலைப்பட விடலாம்னு நெனச்சேன்."

மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழவும் செய்தேன். பஸ் சொன்ன நிமிடத்துக்கு வந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹட்டனில் மழை. பிள்ளை என்னைக் கண்டதும் ஓடி வருவாள் என்று விமானத்தில் நான் ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கடன்காரரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். மத்தியானம் வரைக்கும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ் கதவில் என் நான்கு பக்கமும் ஒட்டினபடியே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் பிள்ளை நீல நிறத்தில் ஒரு குதிரை கிறுக்கியிருந்தாள். ஒரு காய்ச்சலையும் தாண்டிய வீடு மாதிரியே தெரியவில்லை. நான் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. அதற்கு நன்றியாக இருப்பதா வருத்தப்படுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

சாப்பிடும்போது கணவரிடம், காய்ச்சல் காலையில் எத்தனை மணிக்கு விட்டது என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"காலைலயா? அது ராத்திரியே விட்டுருச்சு. நீ போன வச்சு ஒரு மணித்தியாலத்துல வேர்த்துக் கொட்டி, எழும்பிப் பால் கேட்டா. உனக்கு அங்க நடுராத்திரியா இருக்குமே, நீ தூங்கட்டும்னு சொல்லல."

அன்றைக்கு நான் ஒரு நிமிடமும் தூங்கவில்லை என்பதை அவருக்குச் சொல்லவில்லை. மனதுக்குள் நேரக் கணக்குப் போட்டேன். நான் அந்த வளைவில் கண்ணை மூடி மொட்டை போடுவதாகச் சொன்னபோது, பிள்ளை காய்ச்சல் விட்டுப் பல மணி நேரமாக நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். இறக்குவதற்குக் காய்ச்சலே இல்லாத இடத்தில் வைத்த வேண்டுதல் சேருமா சேராதா? அத்தையிடம் கேட்டால் தெரியும். கேட்டால் மொட்டை எங்கே என்றும் கேட்பார். எட்டாம் வகுப்புக்குக் காரணமும் விளைவும் என்ற பாடம் அடுத்த தவணைக்கு இருக்கிறது.

மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளை மெதுவாக வந்து என் மடியில் ஏறினாள். போனில் படம் பார்த்தோம். கல்சிலைகள் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாள். ஜப்பான்காரி எனக்குத் தெரியாமல் எடுத்து அனுப்பியிருந்த படம் அது.

"என் துணி" என்றாள்.

"ஆமா."

"அந்தப் பாப்பாவுக்குக் குடுத்தீங்களா?"

"ஆமா. அதுகிட்ட புதுத் துணி இல்ல."

அவள் யோசித்தாள். திருப்பிக் கேட்பாள் என்றுதான் நினைத்தேன்.

"பாப்பா சோறு சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு."

"யாரு ஊட்டுனா?"

"அதோட அம்மா."

அது போதுமாக இருந்தது அவளுக்கு. அடுத்த படத்துக்குப் போனாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவர், "எந்தப் பாப்பா?" என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். நான்கு பக்கம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டக்கூடிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.